ஓர் இரவும் ஓர் ஆண்டும்: பினாங்கின் பாரம்பரிய மானியங்களும் தோட்டப்புறத் தமிழரும்

முன்னுரை

2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்நாள் தொட்டுப் பினாங்கில் ‘பாரம்பரியம்’ என்னும் சொல் பெரும் புழக்கம் பெற்றது. அரசின் அறிக்கைகளிலும் தங்கும் விடுதிகளின் பெயர்ப்பலகைகளிலும் உணவகங்களின் சுவர்களிலும் அச்சொல் இடம்பிடித்தது. மாநில அரசு அந்நாளைப் பொது விடுமுறையாக்கியது. சொல் பெருகிய அளவுக்கு அதன் பொருளும் விரிந்ததா என்பது ஆய்வுக்குரிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை காணக் கட்டடங்களைவிட மானியங்களை நோக்குவது பயன்தரும். ஒரு சமூகம் எதனைப் பாரம்பரியம் எனக் கருதுகிறது என்பதை அது எதற்குப் பணம் ஒதுக்குகிறது என்பதைக் கொண்டே நாம் உறுதியாக அறியலாம். சிறப்பாக, ஊர்ப்புறக் குழுக்களுக்கும் தனியாட்களுக்கும் வழங்கப்பெறும் சிறு மானியங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பெருந்திட்டங்கள் வல்லுநர் குழுக்களால் வடிவம் பெறுகின்றன. சிறு மானியமோ மரபின் உரிமையாளரையே நேரில் சென்றடையும் தன்மையது.

பினாங்கில் வழங்கப்பெற்ற பாரம்பரிய மானியங்களின் அமைப்பையும், அவற்றின் எல்லைக்கு வெளியே நின்ற செபராங் பிறைத் தோட்டப்புறத் தமிழரின் மரபுகளையும் ஒருங்கே வைத்து மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. மானியம் போதாது என்னும் குறை பலரும் கூறுவதே. நம் கருத்து சற்று வேறானது. சிறு மானியத்தின் தலையாய குறை அதன் தொகையில் இல்லை. அது எதனை அலகாகக் கொள்கிறது என்பதிலேயே உள்ளது. மானியம் ஓர் இரவு நிகழ்ச்சியை அலகாகக் கொள்கிறது. மரபு குறைந்தது ஓர் ஆண்டை அலகாகக் கொண்டு இயங்குகிறது. இவ்விரு அலகுகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையே இக்கட்டுரையின் பொருள்.

ஜார்ஜ்டவுன் மானியத் திட்டம்

பாரம்பரியத் தகுதி கிடைத்த பின்னர் நடுவண் அரசு 2 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. அதனை நிர்வகிக்கக் கசானா நேஷனல் நிறுவனம் 2009-இல் ‘திங்க் சிட்டி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தது. இவ்வமைப்பு ஜார்ஜ்டவுன் மானியத் திட்டத்தைச் செயல்படுத்தியது. பெறுவோரும் தம் பங்குக்குச் செலவிடவேண்டும் என்னும் இணைப்பங்கு முறையில் மானியங்கள் வழங்கப்பெற்றன. கடைவீடுகளைச் செப்பனிடுதல், கைவினைஞர் பயிற்சி, பொதுவிடங்களைச் சீரமைத்தல், பண்பாட்டுப் பதிவுகள், கலை முயற்சிகள் எனப் பல வகைகளுக்கு நிதி சென்றது.

இத்திட்டத்தின் நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. பழைய கடைவீட்டின் உரிமையாளர் சுண்ணாம்புக் காரையைக் களைந்து சிமெண்டு பூசுவதே எளிது என எண்ணியிருந்த காலத்தில், பழைய முறையில் செப்பனிடுவதற்கு ஒரு பொருளாதாரக் காரணத்தை இம்மானியம் அளித்தது. தனியாரும் சிறு சங்கங்களும் அரசின் வாயிலில் காத்திராமல் தம் கருத்தைத் தாமே முன்வைக்கும் வழக்கம் இதனால் வளர்ந்தது. மலேசியாவில் பிற நகரங்களுக்கு இது முன்மாதிரியாகவும் அமைந்தது.

ஆயினும் இத்திட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. உலகப் பாரம்பரியத் தளத்தின் மையப் பகுதி 109.38 ஹெக்டேர்; அதனைச் சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். இரண்டும் சேர்ந்து 259.42 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரைச் சதுரக் கிலோமீட்டர். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் பரப்போ ஏறத்தாழ 750 சதுரக் கிலோமீட்டர். பட்டியலிடப்பட்ட தளத்துக்கென வகுக்கப்பட்ட நிதி அத்தளத்துக்குள் செலவாவது முறையே. பின்னாளில் ‘திங்க் சிட்டி’ தன் பணியைப் பட்டர்வொர்த்துக்கும் விரித்தது. அதுவும் நகரமே.

இவ்வெல்லைக்குள்ளும் தமிழர் உள்ளனர். குயின் வீதி மகா மாரியம்மன் கோயில், சூலியா வீதி, தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள், செட்டியார் கிட்டங்கிகள் முதலியன உலகறிந்த அடையாளங்கள். எனினும் வணிகர், துறைமுகத் தொழிலாளர், பணமாற்றுவோர் ஆகியோரின் நகரத் தமிழ் வரலாறு பினாங்குத் தமிழ் வரலாற்றின் ஒரு பாதியே. மற்றொரு பாதி பாலத்துக்கு அப்பால் உள்ளது.

பாலத்துக்கு அப்பால்

1800-இல் கெடாவிடமிருந்து பெறப்பட்டு வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயரிடப்பட்ட நிலப்பகுதியில், 19-ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்களை அமைத்தனர். மலாயாவில் ரப்பர் பரவுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பத்து காவான், நிபோங் தெபால், பிறை வட்டாரங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் குடியமர்த்தப்பட்டனர். மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாறு எங்குத் தொடங்குகிறது எனக் கேட்டால் இவ்வட்டாரத்தையே சுட்டவேண்டும். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கரும்பு மறைந்து ரப்பரும் பின்னர் எண்ணெய்ப்பனையும் வந்தன.

இன்று நிபோங் தெபாலின் கலிடோனியாத் தோட்டத்தை நினைவுகூர்வோர் பெரும்பாலும் ராம்ஸ்டன் குடும்பத்தாரின் ‘99 கதவு மாளிகை’யையே குறிப்பிடுவர். பாழடைந்த அம்மாளிகை புகைப்படக்காரரையும் பேய்க்கதை விரும்புவோரையும் ஈர்க்கிறது. மாளிகைக்குச் செங்கல் நின்றது. லயத்து வீடுகளுக்குப் பலகையும் தகரமுமே இருந்தன, அவை நிற்கவில்லை. லயத்து மக்களின் பாரம்பரியம் பெரிதும் பாட்டாகவும் சடங்காகவும் ஆட்டமாகவும் இருந்தது. கட்டடத்தைத் தேடும் கண்ணுக்கு அது தென்படாததில் வியப்பில்லை.

இம்மரபுகளைத் தோட்டம் எவ்வாறு பேணியது என்பதை இங்கு நினைவூட்டல் தகும். ஆண்டுத் திருவிழாவுக்குச் சம்பள நாளில் தலைக்கு இவ்வளவு எனப் பிடித்தம் செய்வர். நிர்வாகம் விறகும் லாரியும் ஒரு நாள் விடுமுறையும் தரும். கிராணிமாரும் தண்டல்மாரும் தம் தகுதிக்கேற்ப நன்கொடை எழுதுவர். கொட்டகை போடுவதும் தீக்குழி வெட்டுவதும் சமைப்பதும் கூலியில்லா உழைப்பு. விழா நாடகத்துக்கான ஒத்திகை பல வாரங்களுக்கு முன்னரே, பால்வெட்டு முடிந்த மாலைகளில் தொடங்கும். பாடம் சொல்லித் தரும் வாத்தியாருக்கு ஊரார் முறைவைத்து உணவிடுவர். இவ்வேற்பாட்டை அக்காலத்தில் எவரும் மானியம் என அழைக்கவில்லை. ஆயினும் அது முழுமையான ஒரு நிதியமைப்பே. அதன் அலகு ஓர் ஆண்டு. ஒரு விழா முடிந்த மறுநாள் கணக்குப் பார்த்து அடுத்த விழாவுக்கு மீதி வைப்பர்.

இவ்வமைப்பு இரு வழிகளில் சிதைந்தது. 1950-களிலும் 1960-களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை உங்கு அஜிஸ் தலைமையிலான ஆய்வு விரிவாகப் பதிவு செய்துள்ளது. அதற்குப் பின் நிகழ்ந்த நகர்மயமாக்கம் எஞ்சிய தோட்டங்களையும் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாற்றியது. ஒருகாலத்தில் கரும்பு விளைந்த பத்து காவான், 2014-இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்ட பின்னர் மின்னணுத் தொழிற்சாலைகளின் நகரமாகியுள்ளது. தோட்டம் மறைந்தபோது வேலை மட்டும் மறையவில்லை; சம்பள நாள் பிடித்தம், பொதுக் களம், மாலைப்பொழுது ஆகிய மூன்றும் உடன் மறைந்தன. மக்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். கோயில் சில இடங்களில் இடம்பெயர்ந்தது. வாத்தியாருக்குச் சோறு போடும் முறை எங்கும் இடம்பெயரவில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டிய இடத்தில்தான் இன்று சிறு மானியம் நிற்கிறது.

மானியப் படிவத்தை ஒரு பனுவலாக வாசித்தல்

இலக்கிய மாணவர் ஒரு பனுவலை வாசிக்கும் முறையில் மானிய விண்ணப்பப் படிவத்தையும் வாசிக்கலாம். எந்த நிறுவனத்தின் படிவமாயினும் அது கேட்கும் அடிப்படை வினாக்கள் பெரிதும் ஒத்தவையே. அவ்வினாக்களுக்குள் ஒரு கற்பனை உலகம் உள்ளது. அவ்வுலகில் வாழத் தகுதியுடைய மரபு எது என்பதை அவை முன்கூட்டியே தீர்மானிக்கின்றன.

முதல் வினா, விண்ணப்பிப்பவர் யார் என்பது. பெரும்பாலும் 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு, அதன் பெயரில் வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்கறிக்கை ஆகியன எதிர்பார்க்கப்படும். பொதுப்பணம் பொறுப்பான கைக்குச் செல்லவேண்டும் என்னும் கருத்தில் குற்றமில்லை. ஆனால் தோட்டம் கலைந்தபோது விழாக்குழுவும் கலைந்தது. நூறு தாலாட்டு அறிந்த மூதாட்டி ஒரு சங்கம் அல்லர். அவருக்குச் செயலாளரும் பொருளாளரும் இலர். எனவே அவருடைய மரபு வேறொருவரின் பெயரிலேயே விண்ணப்பத்தில் நுழைகிறது.

இரண்டாம் வினா, நிகழ்ச்சியின் நாளும் இடமும். இவ்வினா மரபை ஒரு நாளாகச் சுருக்குகிறது. மூன்றாம் வினா, பார்வையாளர் எத்தனை பேர் என்பது. தோட்டத்துத் திருவிழாவில் பார்வையாளர் என்றொரு பிரிவு இல்லை. காவடி எடுப்பவரின் தாய் மஞ்சள் நீர் ஊற்றுகிறார்; அண்ணன் உடன் நடக்கிறார்; அண்டை வீட்டார் சமைக்கிறார். எல்லாரும் பங்காளரே. பார்வையாளர் தொகையைப் பெருக்கும் முயற்சி பங்காளரை நாற்காலியில் அமர்த்துவதில் முடிகிறது.

நான்காம் வினா, செலவு மதிப்பீடு. மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பதாகைக்கும் உணவுப் பொட்டலத்துக்கும் பற்றுச்சீட்டுக் கிடைக்கும். இருபது மாலைகள் பாடம் சொன்ன வாத்தியாரின் பேருந்துக் கட்டணத்துக்கும் அவருடைய நேரத்துக்கும் பற்றுச்சீட்டு இல்லை. ஆகவே மானியத் தொகை மரபின் ஓரத்தில் உள்ள பொருள்களுக்குச் செலவாகிறது. நடுவில் உள்ள ஆளுக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. இணைப்பங்கு முறையும் இங்கு இடர் தருகிறது. கடைவீட்டு உரிமையாளர் தம் பங்கைப் பணமாகத் தரவல்லவர். ஊர்ப்புறக் குழுவின் பங்கு உழைப்பாகவே அமையும். உழைப்பைப் பங்காக மதிக்காத மானியம், ஊர்ப்புறத்தாரை ஏழைகள் என விலக்குவதோடு அமையாது. அவர்கள் தந்துவந்த பெரும் பங்கையே கணக்கில் சேர்க்கத் தவறுகிறது.

ஐந்தாவதாக, படிவத்தின் மொழி. அது மலாயிலோ ஆங்கிலத்திலோ அமையும். வாய்மொழியில் வாழும் ஒரு மரபு, எழுத்தில், அதுவும் பிறமொழி எழுத்தில், தன் தகுதியை நிறுவவேண்டியுள்ளது. படிவம் நிரப்பத் தெரிந்த நகரத்து இளைஞர் இதனால் இடைநிலையாளராகிறார். அவருடைய தொண்டு போற்றத்தக்கது. எனினும் இறுதியில் எந்த மரபு மேடை ஏறும் என்பதை அவருடைய சுவையே பெரிதும் முடிவு செய்கிறது.

உறுமியும் ஒப்பாரியும்

மேற்கூறிய வாசிப்பின் விளைவை இரு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

உறுமி மேளம் மலேசியத் தமிழரிடையே இன்று செழித்து வாழ்கிறது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குச் செல்லும் காவடிகளுக்கும் திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் அது வேண்டப்படுகிறது. இளைஞர் குழுக்கள் தாமே சீருடை தைத்து, தாமே கருவி வாங்கி, தாமே பயிற்சி பெறுகின்றன. அதற்குச் சந்தை உண்டு. பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் அதுவே முதலிடம் பெறுகிறது. பத்து நிமிடத்தில் தொடங்கி முடிக்கலாம். மொழி அறியாதவரும் துய்க்கலாம். படத்தில் அழகாக விழும். மானியத்தின் உதவி இல்லாமலே வாழவல்ல கலைக்கே மானியத்தின் மேடையும் எளிதில் அமைகிறது.

ஒப்பாரியின் நிலை வேறு. சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்னும் நம்பிக்கை நம்மிடையே வலுவானது. ஒப்பாரிக்கு நாள் குறிக்க இயலாது. இறந்தவர் யார், பாடுபவருக்கு அவர் என்ன முறை என்பதைப் பொறுத்தே அதன் சொற்கள் அமையும். தந்தைக்குப் பாடுவது கணவனுக்குப் பொருந்தாது. மேடையில் பாடப்படும் ஒப்பாரி, ஒப்பாரி எவ்வாறு இருக்கும் என்பதற்கான மாதிரியே ஆகும். அப்படியெனில், கப்பலேறி வந்த பெண்களின் துயரையும் தோட்டத்து வாழ்வின் கசப்பையும் தாங்கியுள்ள அப்பாடல்கள், நிகழ்ச்சிக்குரியன அல்ல என்பதனாலேயே, நிகழ்ச்சி மானியத்தின் கண்ணுக்கு இல்லாதனவாகின்றன. தாலாட்டும் வேலைப்பாட்டும் விடுகதையும் இவ்வினத்தைச் சார்ந்தவையே.

இவற்றைப் பேணியவர்கள் மானியம் பெற்றோர் அல்லர். ‘நாடு விட்டு நாடு’ எழுதிய முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தம் தாய் தலைமுறையின் பாடல்களைத் தனிமுயற்சியாகவே தொகுத்து நூலாக்கினர். நம் பல்கலைக்கழக மாணவர்கள் தம் ஆய்வேடுகளுக்காகத் தோட்டந்தோறும் சென்று பதிவு செய்தவையும் பல. அவற்றுள் பெரும்பாலானவை நூலக அடுக்குகளிலேயே தங்கிவிட்டன. பாடிய குடும்பத்தின் கைக்கு ஒரு படியேனும் திரும்பிச் சென்றதா என்பதை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

பிறநாட்டு அனுபவங்கள்

இச்சிக்கல் பினாங்குக்கு மட்டும் உரியதன்று. தமிழுலகிலேயே இதற்கு முன் நிகழ்ந்த ஒரு முயற்சி நமக்குப் பாடமாகும். இலங்கையில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் கூத்துப் போட்டிகளை நடத்தி, அண்ணாவிமாரைப் போற்றி, கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் தயாரித்த ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவை கற்றோரிடையே கூத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தன. ஊர்ப்புறத்தாரின் கலை என ஒதுக்கப்பட்டது பல்கலைக்கழக மேடை ஏறியது. இதன் சமூகப் பயன் பெரிது.

அதே வேளையில், வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கேற்ப ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. ஊர்க் கூத்தின் களம், காலம், பங்கேற்பு ஆகியன மேடைக் கூத்தில் இல்லை என்னும் விவாதம் பின்னர் எழுந்தது. 2000-ஆம் ஆண்டுகளில் மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கலைஞரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி இவ்விவாதத்தின் தொடர்ச்சியே. அங்குக் கூத்து நகர மேடைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஊரார் தம் களரியிலேயே, தம் பிரதியைத் தாமே பேசித் திருத்தி ஆடினர். முதலாவது முயற்சி கூத்துக்குப் பார்வையாளரைத் தேடியது. இரண்டாவது, கூத்துக்கு ஊரைத் தேடியது. இரண்டுமே தேவை எனினும், மானியம் முதலாவதையே எளிதில் புரிந்துகொள்ளும்.

அலகுச் சிக்கலைக் காமன் கூத்து இன்னும் தெளிவாகக் காட்டும். மாசித் திங்கள் வளர்பிறையில் கம்பம் நட்டுத் தொடங்கும் இவ்விழா, தஞ்சை வட்டாரத்திலும் இலங்கை மலையகத் தோட்டங்களிலும் முழுநிலவு வரை ஏறத்தாழ இரு வாரம் நீளும். இரதியும் மன்மதனும் வீடுதோறும் செல்வர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என லாவணி வழக்காடுவர். இறுதியில் காமன் எரிக்கப்படுவான். இவ்விறுதி இரவை மட்டும் எடுத்து மேடையில் காட்டினால் எரியும் காட்சி கிடைக்கும். எரிவதற்கான காரணம் கிடைக்காது.

கலையின் தொடர்ச்சிக்கு நிகழ்ச்சியைவிடக் கல்வியே அடிப்படை எனக் கண்டவர்களும் உளர். காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் ஒரு குருகுலத்தைத் தொடங்கிப் பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் இணைத்துச் சிறுவர் சிறுமியர்க்கு வழங்கியது. அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. ஆண்டுதோறும் தொடரும் கல்விச் செலவை ஏற்கும் நிதியாளரைக் காண்பது எத்துணை அரிது என்பதை இத்தகைய நிறுவனங்களை நடத்தியோர் நன்கறிவர்.

அமெரிக்காவின் தேசியக் கலை நிதியத்தில் 1992 வரை நாட்டார் கலைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் காலத்தில் வேறொரு வழி உருவாயிற்று. ஒரு மூத்த கலைஞருக்கும் அவர் தெரிவு செய்யும் ஒரு மாணவருக்கும் சிறு தொகை வழங்கி, குறித்த கால அளவில் கற்பிக்கச் செய்யும் ‘பயிலுநர் மானியம்’ மாநிலங்கள்தோறும் பரவியது. தொகை சிறிது, மேடை கட்டாயமில்லை, அலகு, கற்பிக்கும் காலம். பினாங்கிலும் இதற்கு நிகரான சிந்தனை இல்லாமலில்லை. பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளை மூத்த கைவினைஞர்க்கு விருது வழங்கியதுடன் பயிலுநர் திட்டத்தையும் முன்னெடுத்தது. ஜேனட் பிள்ளை தோற்றுவித்த ‘ஆர்ட்ஸ்-எட்’ அமைப்பு, தீவின் ஊர்ப்புறமான பாலிக் பூலாவில் மாணவர்களையே தம் ஊரின் தொழில்களையும் கதைகளையும் திரட்டும் பணியில் ஈடுபடுத்தியது. ஆக, முன்மாதிரிகள் உள்ளூரிலேயே உள்ளன. அவை செபராங் பிறைத் தோட்டப்புறத் தமிழரிடம் இன்னும் பரவவில்லை என்பதே நம் குறை.

மறுப்பும் விடையும்

நிகழ்ச்சிக்கு நிதி தருவதே பாதுகாப்பானது என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. நிகழ்ச்சி நடந்தது என்பதற்குப் படமும் வருகைப் பதிவும் சான்று. கற்பித்தல் நடந்தது என்பதற்குச் சான்று யாது? பொதுப்பணம் தவறான கைக்குச் சென்றதாக எழும் குற்றச்சாட்டுகள் நம் சமூகத்தை ஏற்கெனவே புண்படுத்தியுள்ளன. கணக்குக் கேட்பது அவமதிப்பாகாது, கணக்கின்மையே அவமதிப்பு.

ஆயினும் கற்பித்தலுக்கும் சான்று உண்டு. கற்ற மாணவர் பத்துப் பாடல்களைத் தானே பாடிக் காட்டலாம். தொடக்கத்திலும் இறுதியிலும் செய்யப்பெற்ற இரு ஒலிப்பதிவுகளை ஒப்பிடலாம். ஐந்நூறு பேர் அமர்ந்திருந்த படத்தைவிட இது மெய்யான சான்று. மேலும், 2003-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை, தொட்டுணர இயலாப் பாரம்பரியம் எது என்பதை அதனைத் தமதெனக் கொள்ளும் சமூகங்களே ஏற்கவேண்டும் எனக் கருதுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை கையளித்தலை அதன் இயல்பாகச் சுட்டுகிறது. மலேசியா 2013-இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. கையளித்தலுக்கு நிதி தருமாறு கேட்பது புதிய சலுகை அன்று. நாடு ஏற்ற கடமையை நினைவூட்டுவதே.

சில பரிந்துரைகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து மானியம் வழங்குவோர் கருதத்தக்க சில கருத்துகளை முன்வைக்கலாம். ஒன்று, ஊர்ப்புறச் சிறு மானியத்தின் அலகு ஓர் ஆண்டுக்காலக் கற்பித்தலாக அமைதல் வேண்டும். நிகழ்ச்சி அதன் விளைவாக வரலாம், கட்டாயமாகக்கூடாது. இரண்டு, கூலியில்லா உழைப்பை இணைப்பங்காக மதித்தல் வேண்டும். மூன்று, கற்பிப்பவருக்கு மதிப்பூதியம் நேராகச் சேர்தல் வேண்டும். நான்கு, விண்ணப்பமும் அறிக்கையும் தமிழில், தேவையெனில் ஒலிப்பதிவாக, ஏற்கப்படல் வேண்டும். ஐந்து, பதிவுகளின் ஒரு படி பாடியவரின் குடும்பத்திடம் தங்குதல் வேண்டும்.

பதிவு பெற்ற அமைப்பு எது என்னும் முதல் வினாவுக்கு விடை தமிழ்ப்பள்ளியில் உள்ளது. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டப் பள்ளிகளாகத் தொடங்கியவை. தோட்டம் போன பின்னும், பல இடங்களில் அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பது பள்ளி மட்டுமே. பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு, கணக்கு உண்டு, கற்க மாணவரும் உண்டு. மூதாட்டிக்கும் மானியத்துக்கும் இடையே பள்ளி பொறுப்பேற்று நிற்கலாம்.

இதில் ஓர் இடர் உண்டு என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். பள்ளிக்குள் வரும் எதுவும் போட்டியாகிவிடுகிறது. கும்மி ஐந்து நிமிடமாகும். ஒரே நிறப் புடவை வாங்கப்படும். பரிசுக்கோப்பை அடுக்கில் சேரும். நிகழ்ச்சி மானியத்தின் குறையை நாம் பள்ளிக்குள் மீண்டும் செய்தல் ஆகாது. மாணவர் தம் பாட்டியிடம் சென்று கேட்டு, எழுதி, தவறாகப் பாடி, திருத்தப் பெற்று வரும் நீண்ட காலமே பாடமாக வேண்டும்.

முடிவுரை

சிறு தொகையால் பெருஞ்செயல் முடியாது என்போர்க்கு நம் வரலாறே விடை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்கத் தொழிலாளரிடம் மாதந்தோறும் பத்து வெள்ளியே கேட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தமிழுக்கு இடமளித்து அமையவும் அதற்கு நூலகம் சேரவும் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் கோ. சாரங்கபாணி நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி என்பதே அவருடைய வேண்டுகோள். துறை 1956-இல் தோன்றியது. அந்த ஒரு வெள்ளியைத் தந்தவருள் தோட்டப்புறத்தாரும் இருந்தனர்.

அவர்கள் ஓர் இரவு நிகழ்ச்சிக்காக அப்பணத்தைத் தரவில்லை. தம் பேரப்பிள்ளைகள் கற்கவேண்டும் என்றே தந்தனர். அந்நிதியின் பயனைத் துய்க்கும் நாம், அவர்களுடைய பாடல்களுக்கு வழங்கப்பெறும் மானியமும் அதே அலகில் அமையுமாறு கேட்பதும், கேட்பதற்கு முன் நம் நூலக அடுக்கிலுள்ள பதிவுகளைப் பாடிய வீடுகளுக்குத் திருப்பியளிப்பதும் நம் கடன். செபராங் பிறையில் அப்பாடல்களை அறிந்த தலைமுறை முதுமையில் உள்ளது. இப்பணிக்குரிய காலம் குறுகியது.